மங்கிய ஒளியும் விரைவு வில்லைகளும்

இரவு வேளையில் ஒரு கூடத்திலே நாலைந்து விளக்குகள் எரிகின்றன. அங்கு அமர்ந்திருப்போர் முகங்கள் நமக்கு நன்றாய்த் தெரிகின்றன. ஒருவர் நகைப்பதும் மற்றொருவர் உறக்கத்தை அடக்குவதும் நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆயின் அதே இடத்தில் சாதாரணமான காமிரா ஒன்றைக் கொண்டு படம் பிடித்தால் கிடைப்பது கரியதொரு பரப்பு. அன்றேல் கலங்கிய சில உருவங்கள். கண் காண்பதைக் கருவி காணாதது என்னை? அதனைக் காணச் செய்ய வல்லுநர் கண்ட வழி யாது? அவ்வழி நமக்கு எதனைக் கொடுத்து, ஈடாக எதனை வாங்கிக்கொள்கிறது? இவற்றை எமக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முயல்கின்றோம்.

முதற்கண் கண்ணைப் பற்றிச் சில சொற்கள். கருவிழியின் நடுவே கரும்புள்ளிபோல் தோன்றும் துளையைப் பாவை என்று தமிழர் வழங்கினர். எதிரே நிற்பவர் தம் உருவத்தையே சிறு பொம்மையாய் அதனுள் காண்பதால் அப்பெயர் வந்ததென்பர். இலத்தீன் மொழியிலும் அத்துளைக்குச் சிறு பொம்மை என்று பொருள்படும் சொல்லே வழங்குவது, தமிழ் பயிலும் எம்போன்றோர்க்கு இனிய வியப்பாகும். இப்பாவை நண்பகலில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவாய்ச் சுருங்கும். இருளில், இளைஞர் கண்ணில், 7 மில்லிமீட்டர் வரை விரியும். அகலம் மூன்றரை மடங்காயின் பரப்பு பன்னிரண்டு மடங்காகும். உட்புகும் ஒளியும் அத்தனை மடங்காகும். அன்றியும், கண்ணின் உட்திரை இருளிற் பழகப் பழகத் தன் உணர்திறனைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்கிறது.

காமிராவுக்கும் இவையே வழிகள். துவாரத்தை அகலமாக்கலாம், பிலிமின் உணர்திறனைக் கூட்டலாம். கண்ணுக்கு அரிதான மூன்றாம் வழி ஒன்றும் அதற்கு உண்டு: நெடுநேரம் திறந்து வைத்துச் சிறிது சிறிதாய் ஒளியைச் சேர்த்துக்கொள்ளலாம். கோபுரத்தையும் மலையையும் படம் பிடிப்பார்க்கு மூன்றாம் வழி போதும், அவை அசைவதில்லை. மனிதரோ மூச்சு விடுவர், தலை திருப்புவர், இமைப்பர். ஆதலின் மனிதரை மங்கிய ஒளியிற் படமெடுக்க வேண்டுவார்க்கு முதலிரண்டு வழிகளே எஞ்சும். அவற்றுள் துவாரத்தை அகலமாக்கிய கதையே நாம் இங்குக் கூறவந்தது.

வில்லையின் ஒளிவன்மையை எஃப் எண் என்னும் ஓர் எண்ணால் குறிப்பர். வில்லையின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் அகலத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். குவியத் தூரம் 100 மில்லிமீட்டரும் துவாரம் 50 மில்லிமீட்டரும் ஆயின் அவ்வில்லை எஃப் 2. இங்கே புதியவர் மயங்குவதற்கு இடமுண்டு: எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். மேலும், ஒளி பரப்பைப் பொறுத்ததாதலின் எண் பாதியானால் ஒளி இருமடங்கன்று, நான்கு மடங்காகும். எஃப் 8 வில்லைக்கு ஒரு முழு வினாடி வேண்டுமிடத்தில் எஃப் 4 வில்லைக்குக் கால் வினாடி போதும். எஃப் 2-க்கு வினாடியில் 16-ல் ஒரு பங்கு. எஃப் 1-க்கு 64-ல் ஒரு பங்கு. ஒரு வினாடிக்குள் மனிதன் தன் முகத்தையே மாற்றிக்கொள்வான். வினாடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் அவன் செய்யக்கூடியது மிகச் சிறிது. காமிராவைக் கையிற் பிடித்தவரின் நடுக்கமும் அதற்குள் பெரிதாய்த் தெரியாது. வில்லை ஓடுவதுமில்லை, பறப்பதுமில்லை. ஆயினும் அதனை விரைவு வில்லை என்று கூறுதல் இக்காரணம் பற்றியே.

இத்தகைய வில்லை வருமுன் இரவிற் படமெடுத்தவர் பட்ட பாடும் படுத்திய பாடும் சிறிதல்ல. மக்னீசியப் பொடியைத் தட்டிலிட்டுக் கொளுத்துவர். கண்ணைப் பறிக்கும் ஒளியோடு வெடியோசையும் வெண்புகையும் எழும். நியூயார்க் நகரின் ஏழைகள் வாழ்ந்த இருட்டறைகளை 1880-களின் இறுதியில் அம்முறையாற் படம் பிடித்து, நகரத்தாரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிய ஜேக்கப் ரீஸ் என்பார், தாம் படமெடுக்கச் சென்ற வீட்டிலே தீப்பற்றிய செய்தியைத் தாமே எழுதியிருக்கிறார். அவருடைய நோக்கம் உயர்ந்தது. அவர் படங்களால் விளைந்த நன்மையும் பெரிது. எனினும், உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தாரின் மருண்ட பார்வை அப்படங்கள் சிலவற்றில் இன்றும் நம்மை நோக்கி நிற்கிறது. இருளிலிருந்ததைக் காட்டுவதற்காக இருளை அழித்துவிட்ட படங்கள் அவை.

1924-ம் ஆண்டில் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து எர்னமன் நிறுவனத்தார் எர்மானாக்ஸ் என்னும் சிறு காமிராவை வெளியிட்டனர். கைக்கடக்கமான அதன் உடலுக்குமுன் உருண்டு திரண்டு துருத்தி நின்றது எர்னோஸ்டார் என்னும் வில்லை. அதனை அமைத்தவர் லூட்விக் பெர்டெலே. 1900-ம் ஆண்டின் கடைசி நாட்களிற் பிறந்தவராதலின், அவ்வில்லையை உருவாக்கியபோது இருபது வயதைச் சில ஆண்டுகளே கடந்தவர். எம் வகுப்பிலிருந்து சற்றே மூத்தவர் என்னலாம்! அவர் வில்லையின் அளவு எஃப் 2. பின்னர் எஃப் 1.8 ஆகவும் வந்தது. அந்நாளில் கையிற் கொண்டு செல்லும் நல்ல காமிராக்களில் எஃப் 4.5 அளவான வில்லையே பெரும்பான்மை. அதனோடு ஒப்பிட எஃப் 2 ஐந்து மடங்கு ஒளியை ஏற்பது.

அக்காலத்து வில்லை அமைப்போர்க்கு ஓர் இடர் இருந்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் நான்கு ஐந்து பங்கு திரும்பித் தெறித்துவிடும். குறைகளைத் திருத்தவேண்டிக் கண்ணாடிகளைப் பெருக்கினால் பரப்புகளும் பெருகும். வந்த ஒளி வழியிலேயே சிதறிப் படத்தின் மீது மூடுபனிபோற் பரவும். பெர்டெலே ஆறு கண்ணாடிகளை வைத்தும் அவற்றுட் சிலவற்றை ஒன்றோடொன்று ஒட்டி நான்கே தொகுதிகளாக்கினார். கண்ணாடியின்மேல் மெல்லிய படலம் பூசித் தெறிப்பைக் குறைக்கும் முறையை ஸைஸ் நிறுவனத்தைச் சார்ந்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935-ல் கண்ட பிறகே பல கண்ணாடிகளை அஞ்சாமற் சேர்க்க வழி பிறந்தது.

எர்மானாக்ஸ் காமிராவைப் பிறர் ஒரு விந்தைப் பொருளாய்க் கருதியிருக்க, அதனைக் கொண்டு புதியதொரு தொழிலையே தோற்றுவித்தவர் எரிக் சாலமன். 1886-ல் பெர்லினில் செல்வம் மிக்க யூதக் குடும்பத்திற் பிறந்தவர். சட்டத்திற் டாக்டர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரிற் சிறைப்பட்டுப் பிரான்சில் ஆண்டுகள் பல கழித்தார். போருக்குப்பின் நாணயம் மதிப்பிழந்தபோது குடும்பச் செல்வமும் மறைந்தது. மோட்டார் சைக்கிளில் பக்கவண்டி பூட்டி வாடகைக்கு விட்டு, ஏறுவார்க்குப் பயணத்தின்போதே சட்ட ஆலோசனையும் கூறப்படும் என்று விளம்பரம் செய்தாராம். பட்டதாரிகள் பிழைப்புத் தேடும் காலத்தில் இதனைப் படிப்போர்க்குச் சிரிப்பு வந்தாலும் முழுச் சிரிப்பு வராது. பின்பு உல்ஸ்டைன் என்னும் பதிப்பகத்தில் விளம்பரப் பகுதியில் அமர்ந்து, நாற்பது வயதைக் கடந்த பின்னரே, 1927-ல், காமிராவைக் கையிலெடுத்தார்.

1928-ல் பெர்லின் நீதிமன்றத்தில் நடந்த கொலை வழக்கொன்றை, படமெடுக்கலாகாது என்ற தடையிருந்தும், தொப்பிக்குள் காமிராவை ஒளித்து அதில் வெட்டிய துளை வழியே படமெடுத்தார். அப்படங்கள் பத்திரிகையில் வந்ததும் அவர் புகழ் பரவியது. பின்னர் ஜினீவாவில் சர்வதேச சங்கத்துக் கூட்டங்களுக்கும், அரசியலார் கூடிய மாநாடுகளுக்கும், விருந்துகளுக்கும் மாலை உடை அணிந்த கனவானாய்ச் சென்றார். 1928-ல் பாரிஸில் போரைத் துறக்கும் உடன்படிக்கை கையெழுத்தான அவையில், வாராதிருந்த போலந்துப் பிரதிநிதியின் இருக்கையிலேயே அமர்ந்துகொண்டார் என்பர். ஒளிக்கொளுத்தும் பொடியில்லை, ஓசையில்லை. சரவிளக்கின் ஒளியே அவருக்குப் போதுமானதாயிற்று.

அவர் படங்களுள் எம் உள்ளத்திலிருந்து அகலாதது 1930-ம் ஆண்டு ஹேக் நகரத்து மாநாட்டின்போது எடுத்ததாகும். போர் ஈட்டுத்தொகையைப் பற்றிப் பிரெஞ்சு அமைச்சரும் ஜெர்மானிய அமைச்சரும் நள்ளிரவு கடந்தும் பேசியிருக்கின்றனர். ஒருவர் இருக்கையிற் சாய்ந்து கிடக்கிறார். ஒருவர் விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையே தலை சாய்த்திருக்கிறார். நாடுகளின் தலைவிதியை எழுதும் பெருமக்களும் களைத்துப்போகும் கிழவரே என்பதை அதற்குமுன் எந்தப் பத்திரிகையும் காட்டியதில்லை. மக்னீசியம் வெடித்திருந்தால் அவ்வளவு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். கழுத்துப் பட்டையைச் சரிசெய்திருப்பர். அந்தக் களைப்பு, வரலாற்றிலிருந்தே மறைந்திருக்கும். மற்றொரு படத்தில் பிரெஞ்சு நாட்டின் ஆரிஸ்டைட் பிரியான், கூட்டத்தினிடையே இவரைக் கண்டுகொண்டு விரல் நீட்டிச் சிரிக்கிறார். 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், கை முறிந்தவர்போற் கட்டுப் போட்டு அதனுள் காமிராவை மறைத்துச் சென்று, அமர்வு நடக்கும்போதே படமெடுத்தார்.

பிறர் அறியாமல் அவரைப் படமெடுத்தல் தகுமா என்னும் கேள்வி இங்கு எழாமற்போகாது. அதிகாரத்தில் இருப்பவர் பொதுக் காரியம் நடத்துமிடத்தைக் காண்பது பொதுமக்கள் உரிமை என்று ஒருவாறு அமைதி கூறலாம். நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கும் இளைஞனைத் தொப்பிக்குள்ளிருந்து படமெடுத்ததற்கு அவ்வமைதி பொருந்துமா என்பது எமக்கு ஐயமே.

அவர் முடிவு துயரமானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் மனைவியின் நாடாகிய ஹாலந்துக்குக் குடிபெயர்ந்தார். 1940-ல் ஜெர்மானியப் படை அந்நாட்டையும் கைப்பற்றியது. குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்தார். அவ்வீட்டில் எரிவாயுச் செலவு மிகுந்திருப்பதை அளவுமானி பார்க்க வந்தவன் கண்டு காட்டிக்கொடுத்தான் என்பர். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரும் மனைவியும் இளைய மகனும் மாண்டனர். இங்கிலாந்தில் இருந்த மூத்த மகன் போருக்குப்பின் தந்தையின் படங்களைத் தேடிச் சேர்த்ததனாலேயே நாம் இன்று அவற்றைக் காண்கின்றோம்.

இனி, விரைவு வில்லை வாங்கிக்கொள்ளும் விலையைப் பார்ப்போம். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி வில்லையின் துவாரம் முழுதும் பரவிப் புகுந்து, மீண்டும் கூம்புபோற் குவிந்து பிலிமில் ஒரு புள்ளியாய் முடிகிறது. துவாரம் சிறிதாயின் அக்கூம்பு ஊசிபோல் மெலிந்தது. பிலிம் கூம்பின் முனைக்குச் சற்று முன்பின்னாய் இருப்பினும் விழும் வட்டம் சிறிதாதலின் கண்ணுக்குப் புள்ளியாகவே தோன்றும். துவாரம் பெரிதாயின் கூம்பு புனலின் வாய்போல் அகன்றது. முனையிலிருந்து மயிரிழை விலகினும் புள்ளி பெரிய வட்டமாய்ப் பரந்து கலங்கும். ஆகவே, எத்தொலைவிற்கு வில்லையை அமைத்தோமோ அத்தொலைவில் உள்ளது மட்டும் தெளிவு. அதன் முன்னும் பின்னும் கலக்கம். இத்தெளிவு நீளும் அளவை ஆழம் என்போம். சாலமன் கைக்கொண்ட எஃப் 2 வில்லைக்கு 3 மீட்டர் தொலைவில் இவ்வாழத்தைக் கணக்கிட்டால் 16 சென்டிமீட்டர் அளவே வருகிறது. ஒரு சாணுக்கும் குறைவு. அமைச்சர் ஒருவர் முன்னே குனிந்தால் போயிற்று. முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாடித் தட்டாய் மாற்றி, அசைவற்ற நொடிக்குக் காத்திருந்து அவர் பெற்ற வெற்றி, வில்லையின் வெற்றி மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

இந்த ஆழத்தின் சிறுமையை யாம் நூலிற் படித்தறிந்ததினும் நாணப்பட்டு அறிந்ததே மிகுதி. சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்புக் கீத ஆராதனையில் மின்விளக்குகளை அணைத்துவிட்டுப் பாடகர் குழுவினர் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி ஆலயத்துள் வந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் எவரோ மின்னொளி பாய்ச்சிப் படமெடுக்க, ஜெபத்தில் தலை குனிந்திருந்தவர் யாவரும் நிமிர்ந்துவிட்டதை நினைத்து, அவ்வாறு யாம் செய்யோம் என்று உறுதிகொண்டு, நண்பரிடம் எஃப் 1.8 வில்லை ஒன்றை இரவல் வாங்கிச் சென்றோம். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து நாற்பது படங்கள் எடுத்தோம். அறைக்கு வந்து பார்த்தால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தியின் சுடரும் திரியும் உருகி வழிந்த மெழுகும் செதுக்கி வைத்தாற்போல் தெளிவாயிருந்தன; அவற்றின் பின்னே முகங்கள் யாவும் மாவில் எழுதிய கோலத்தில் மழை பெய்தாற்போல் இருந்தன! காமிரா தானே தொலைவை அமைத்துக்கொள்ளும் என்று நம்பி விட்டோம். அது மிக ஒளிர்வதாகிய சுடரைப் பற்றிக்கொண்டது. அவ்வில்லைக்கு அத்தொலைவில் ஆழம் 17 சென்டிமீட்டர். சுடருக்கு முன் பாதி, பின் பாதி. முகமோ சுடருக்கு ஒரு முழம் பின்னே இருந்தது. படம் தமக்கும் வேண்டும் என்று கேட்டிருந்த பாடகர்க்கெல்லாம் யாம் மறுநாள் முழுதும் ஒளிந்து திரியலாயிற்று.

எமக்கு நேர்ந்த இடரே, எம்மினும் எத்தனையோ பங்கு பெரியவர்க்கும் நேர்ந்ததென்பது பின்னர்த் தெரியவந்தபோது சிறிது ஆறுதலாயிற்று. ஸ்டான்லி குப்ரிக் என்னும் திரைப்பட இயக்குநர் 'பாரி லிண்டன்' என்ற கதையைப் படமாக்கினார். அது 1975-ல் வெளிவந்தது. கதை, கல்கத்தாவிற் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே எழுதியது. நிகழ்வது 18-ம் நூற்றாண்டில். அந்நூற்றாண்டின் இரவுகள் மெழுகுவர்த்தியின் இரவுகள். ஆதலின் மெழுகுவர்த்தி ஒளியிலேயே அக்காட்சிகளை எடுக்கவேண்டுமென்று அவர் பிடிவாதம் கொண்டார். ஸைஸ் நிறுவனத்தார் 1966-ல் அமெரிக்க நாசாவின் சந்திரப் பயணத் திட்டத்துக்கென்று 50 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 0.7 அளவும் கொண்ட பிளானார் வில்லைகள் பத்தே செய்திருந்தனர். அவற்றுள் மூன்றை அவர் வாங்கினார். துவாரம் குவியத் தூரத்தினும் அகன்றது என்பதை எண்ணிப் பார்க்க. எஃப் 1.4 வில்லையினும் அது நான்கு மடங்கு ஒளி ஏற்கும்.

வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? வில்லையின் பின்கண்ணாடி பிலிமுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அண்மையில் நிற்கவேண்டும். எந்தத் திரைப்படக் காமிராவிலும் அதற்கு இடமில்லை. எட் டிஜூலியோ என்னும் பொறிவல்லார் மிச்செல் காமிரா ஒன்றின் உள்ளுறுப்புகளைக் குடைந்து மாற்றி அதனைப் பொருத்தினார். பிறகு அக்காமிராவில் வேறு வில்லை பொருந்தாது போயிற்று. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு எஞ்சிய தொல்லை ஆழமே. இரண்டு மீட்டர் தொலைவில் கணக்கிட்டால் தெளிவு ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மூக்கு நுனிக்குத் தெளிவு வைத்தால் காது கலங்கும். ஆதலின் நடிகர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு தொலைக்காட்சிக் காமிராவை வைத்து, அதன் திரைமேல் கோடுகள் வரைந்து, நடிகர் முன்னே பின்னே அசைவதை அக்கோடுகளால் அளந்து தெளிவை மாற்றினர். நடிகரும் அதிகம் அசையாமல் அமர்ந்து பேசினர். சீட்டாட்ட மேசையின் இருபுறமும் இருப்போர் மெல்லத் தலை திருப்பி ஒருவரை யொருவர் நோக்கும் காட்சியில் உள்ள அமைதி, பாதி கலைஞரின் எண்ணம், பாதி வில்லையின் கட்டளை என்றே யாம் கருதுகின்றோம். அப்படத்தின் ஒளிப்பதிவுக்கு 1976-ல் அகாதமி விருது வழங்கப்பட்டது.

இவ்வாறு துவாரத்தை அகற்றிக்கொண்டே போவதற்கு எல்லை உண்டா எனின், உண்டு. காற்றில் நின்று நல்ல உருவம் தரும் வில்லைக்கு எஃப் 0.5 என்பதே பௌதிக நூல் விதித்த எல்லை. அதை அணுகுமுன்பே வேறு குறைகள் வந்து மறிக்கும். வில்லையின் ஓரத்தில் புகும் ஒளி நடுவிற் புகும் ஒளியோடு ஒரே இடத்திற் குவியாது. துவாரம் பெருகப் பெருக இக்குறை மிக விரைவாய் வளரும். படத்தின் மூலையிலுள்ள விளக்குச் சுடர் சிறகு விரித்த பறவைபோல் நீண்டு சிதறும். லைக்கா நிறுவனத்தார் 1966-ல் வெளியிட்ட எஃப் 1.2 நாக்டிலக்ஸ் வில்லையில் இக்குறையை நீக்கக் கோள வடிவில்லாத பரப்புகளைக் கையாலேயே தேய்த்து அமைத்தனர். பின்னர் வந்த எஃப் 1 வில்லையில் உயர்ந்த கண்ணாடி வகைகளைக் கொண்டு அவ்வேலையைச் சாதித்தனர். நிக்கான் நிறுவனத்தார் 2019-ல் வெளியிட்ட எஃப் 0.95 வில்லையின் எடை 2 கிலோகிராம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கலியாண வீட்டில் உலாவ விரும்புவார் சிலரே யாவர்.

இக்காலத்தில் பிலிமுக்குப் பதிலாய் வந்த மின்னணுத் தகட்டின் உணர்திறன் மிக உயர்ந்துள்ளமையின், சாலமனுக்கு உயிர்நாடியாயிருந்த விரைவு நமக்கு அத்துணை இன்றியமையாததன்று. உணர்திறனை 100-லிருந்து 6400-க்கு உயர்த்தினால் 64 மடங்கு ஒளி கிடைத்தாற்போலாம். படத்தில் மணல் தூவியதுபோற் சிறிது துகள் தோன்றும், அவ்வளவே. ஆகவே, முன்னோர் விலையாகக் கொடுத்த கலக்கத்தையே இன்று பலர் பொருளாக வாங்குகின்றனர். நண்பகலிலும் துவாரத்தை முழுதும் திறந்து, முகத்தின் பின்னுள்ளவற்றை யெல்லாம் பஞ்சுப் பொதியாக்கி மகிழ்வர். இது எமக்கு உவப்பாயில்லை. பின்னே நிற்பது தாய்தந்தையாயினும் ஊராயினும் அதுவும் அம்முகத்தின் கதையே யன்றோ?

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். அதன் வில்லையிலும் எஃப் 1.8 என்று பொறித்திருக்கக் கண்டு, பெரிய காமிராவின் எஃப் 1.8-க்கு அது நிகரென்பாரோடு எம் விடுதியில் வழக்காடியதுண்டு. எண் ஒன்றே, பொருள் ஒன்றன்று. குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் ஆயின் எஃப் 1.8 துவாரத்தின் அகலம் 28 மில்லிமீட்டர். கைப்பேசியின் குவியத் தூரம் 6 மில்லிமீட்டர் அளவே யாதலின் துவாரம் 3 மில்லிமீட்டரை ஒட்டியது. இருளில் விரிந்த நம் பாவையிற் பாதி. பரப்பைக் கணக்கிட்டால் எழுபது மடங்கு வேறுபாடு. சிறு தகட்டின்மேல் சிறு துவாரம் அதே செறிவோடு ஒளி வீழ்த்தும் என்பது மெய்; மொத்தமாய்ச் சேரும் ஒளி குறைவென்பதும் மெய். அக்குறையை ஈடுசெய்யவே கைப்பேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்திச் சேர்க்கிறது. அசையாத பொருளுக்கு அம்முறை வியக்கத்தக்க பயன் தரும். மெழுகுவர்த்தியை ஆட்டிக்கொண்டு ஓடும் சிறுவனுக்கு இரண்டு தலைகளும் தரும்.

விரைவு வில்லையைக் கையாளப் புகுவார்க்கு யாம் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம். தொலைவைக் காமிராவின் விருப்பத்துக்கு விடாமல், படமெடுக்கப்படுவோரின் கண்களுள் நமக்கு அண்மையிலுள்ள கண்ணைக் குறியாகக் கொள்க. அமைத்தபின் நாமும் அசையலாகாது. மூச்சை இழுத்து முன்சாய்ந்தாலே தெளிவு கண்ணைவிட்டுக் காதுக்குப் போய்விடும். வில்லை எஃப் 1.8 வரை திறக்கும் என்பதற்காக அவ்வளவும் திறக்கவேண்டுவதில்லை, எஃப் 2.8-க்குச் சுருக்கி உணர்திறனை உயர்த்தினால் ஆழமும் கூடும், ஓரக் குறைகளும் அடங்கும். சுடர் படத்துள் இருப்பின் காமிராவின் ஒளிமானி அதைக் கண்டு மயங்கி மற்றவற்றை இருட்டடித்துவிடும். ஆதலின் சுடரை விலக்கி முகத்தின்மீது விழும் ஒளியை அளந்துகொள்க. பலர் முகமும் ஒருங்கே தெளிய வேண்டின் அவர் யாவரும் நம்மிலிருந்து ஒரே தொலைவில் நிற்கும் பொழுதுக்குக் காத்திருக்க. அப்பொழுது வாராதாயின் ஒருவரைத் தேர்ந்துகொள்க.

இவ்வாண்டு ஆராதனையில் யாம் ஒருவரையே தேர்ந்துகொண்டோம். ஆலயத்தில் மணியடித்து விளக்கேற்றும் முதியவரிடம் முன்னதாகவே சென்று, "ஐயா, தாங்கள் திரி கொளுத்தும்போது படமெடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டோம். "வெளிச்சம் அடிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றார். மூன்றாம் வரிசையிலிருந்து பதினொரு படங்கள் எடுத்தோம். ஒன்பதில் அவர் தலை அசைந்திருந்தது. எஞ்சிய இரண்டனுள் ஒன்றில் அவர் முகமும், சுடரைக் காற்றுக்கு மறைத்த கையும் மட்டும் தெளிந்திருந்தன. பீடமும் பாடகர் வரிசையும் மங்கிய பொன்னிறப் பொட்டுகளாய் நின்றன. அதைத் தாளில் அச்சிட்டு அவரிடம் கொடுத்தோம். கண்ணாடி அணிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவர் யாரார் என்று எம்மையே கேட்டார்.